வேலூரில் வாடகை வீடு: புதிய வாடகைச் சட்டப்படி அக்ரிமென்ட் முதல் அட்வான்ஸ் திரும்ப வாங்குவது வரை

'மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, புதுச் சட்டம் வந்துவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றுகிறது. அதை மட்டும் நம்பி ஹவுஸ் ஓனரிடம் வாதாடப் போனால் தோற்றுத்தான் திரும்ப வேண்டும். சட்டத்தின் 11-வது பிரிவு மூன்று மாதம் என்று சொல்வது உண்மை. ஆனால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டிருந்தால் தவிர என்ற நிபந்தனையோடுதான் அந்தப் பிரிவே தொடங்குகிறது. பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் பத்து மாதம்தான்.

இந்தச் சட்டம் முழுக்கவே அப்படித்தான். தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம், 2017 என்பது அதன் பெயர். நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22. அதோடு 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. பழைய சட்டத்தில் 'நியாய வாடகை' என்று நீதிமன்றம் நிர்ணயிக்கும். நாற்பது வருடம் பழைய வாடகையிலேயே உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. இப்போது இரண்டு பேரும் என்ன எழுதினார்களோ அதுதான் வாடகை, அதுதான் கெடு, அதுதான் பராமரிப்புப் பொறுப்பு. எழுதாமல் விட்ட இடத்தில்தான் சட்டம் தன் விதியைக் கொண்டுவந்து நிரப்புகிறது. ஆகவே கையெழுத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் பிறகு வரும் பதினொரு மாதத்தைவிட முக்கியம். வேலூரில் அந்த ஒரு மணி நேரத்தைப் பெரும்பாலும் புரோக்கரிடமும் டைப்பிங் சென்டரிடமும் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது: உங்கள் வீட்டுக்கு இந்தச் சட்டம் பொருந்துமா?

சத்துவாச்சாரி, காந்திநகர், தோட்டப்பாளையம், கொசப்பேட்டை, பாகாயம், காட்பாடி என்று மாநகராட்சி எல்லைக்குள் தனியார் வீடோ கடையோ வாடகைக்கு எடுத்தால் பொருந்தும். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ் அறைகளுக்குப் பொருந்தாது. ஹோட்டல், லாட்ஜ், சத்திரம் போன்றவை 'கட்டடம்' என்ற வரையறைக்கே வெளியே. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சிகிச்சைக்கு வந்து இரண்டு மாதம் ஒரே லாட்ஜில் தங்குபவருக்கு, தினவாடகை ரசீது கையில் இருந்தாலும், இந்தச் சட்டம் தரும் பாதுகாப்பு கிடையாது. அதே குடும்பம் பக்கத்துத் தெருவில் சமையலறையோடு ஒரு போர்ஷனை மாத வாடகைக்கு எடுத்து அக்ரிமென்ட் போட்டால் பாதுகாப்பு உண்டு. நீண்ட சிகிச்சை என்றால் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாநகராட்சிக்குச் சொந்தமான கடைகள், அரசுக் கட்டடங்கள், வக்பு சொத்துகள், நிறுவனம் தன் ஊழியருக்கு வேலையோடு சேர்த்துக் கொடுக்கும் குவார்ட்டர்ஸ், தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு விடும் கட்டடம் ஆகியவையும் வெளியே. கோயில், அறக்கட்டளைச் சொத்துகளில் அரசு அறிவிக்கை செய்தவை விலக்கு. பெண்கள் விடுதி என்றால் அதற்கு 2014-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. ஆட்சியரின் உரிமம் இல்லாமல் நடத்த முடியாது. காட்பாடிப் பக்கம் மகளைச் சேர்க்கும் பெற்றோர் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

படி 1: அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஓனர் யார் என்று உறுதி செய்வது

வீட்டைச் சுற்றிக் காட்டுபவர் ஓனராக இருக்க வேண்டிய அவசியமில்லை. புரோக்கராக இருக்கலாம், ஓனரின் தம்பியாக இருக்கலாம், மேல்மாடியை உள்வாடகைக்கு விடும் கீழ்வீட்டுக்காரராகவும் இருக்கலாம். மூன்று காகிதங்களைக் கேளுங்கள்: நடப்பு ஆண்டின் சொத்துவரி ரசீது, கடைசி மின்கட்டண ரசீது, ஓனரின் அடையாள அட்டை. மூன்றிலும் பெயர் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. மின் இணைப்பு இறந்துபோன அப்பா பெயரிலேயே இருப்பது இங்கே சகஜம். அப்படி இருந்தால் வாரிசுகள் எத்தனை பேர், வாடகைக்கு விட மற்றவர்கள் சம்மதமா என்று கேட்டுவிடுங்கள். அண்ணன் தம்பி பாகத் தகராறில் ஒருவருக்குக் கொடுத்த அட்வான்ஸை இன்னொருவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஓனருக்குப் பதில் வேறொருவர் கையெழுத்துப் போடுகிறார் என்றால் அதிகாரப் பத்திரத்தின் நகல் வேண்டும். ஓனர் துபாயில் இருக்கிறார், போனில் பேசிக்கொள்ளுங்கள் என்றால் அட்வான்ஸை ஓனரின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள்.

படி 2: அக்ரிமென்ட் எழுதுவது

டைப்பிங் சென்டரில் கிடைக்கும் ஆயத்த மாதிரி பெரும்பாலும் 1960 சட்ட காலத்தது. அதில் ஓனருக்குச் சாதகமாகப் பத்து வரியும், குடியிருப்பவருக்கு 'நல்ல முறையில் வைத்துக்கொள்ள வேண்டியது' என்று ஒரு வரியும் இருக்கும். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் கீழே உள்ளவற்றைச் சேர்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்.

வாடகையும் அட்வான்ஸும் எண்ணிலும் எழுத்திலும் வர வேண்டும். அட்வான்ஸ் எந்தத் தேதியில், எந்த வங்கிப் பரிமாற்ற எண்ணில் கொடுக்கப்பட்டது என்பதும் வேண்டும். அறுபதாயிரம் பணமாக வாங்கிக்கொண்டு அக்ரிமென்டில் முப்பதாயிரம் என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. கணக்கில் காட்டாத அந்த முப்பதாயிரம் ஓனரின் மனசாட்சியை நம்பி இருக்கிற பணம்.

கெடு: தொடங்கும் தேதி, முடியும் தேதி. கெடு முடிந்து புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் இருந்தால், அதே நிபந்தனைகளில் மாதா மாதம் நீளும். ஆனால் அதிகபட்சம் ஆறு மாதம்தான். அதன் பிறகு நீங்கள் இருப்பது உரிமையில்லாத இருப்பு. 'புதுப்பிப்பதானால் கெடு முடிய ஒரு மாதத்துக்கு முன் எழுத்தில் முடிவு செய்வது' என்று ஒரு வரி போட்டுக்கொள்ளுங்கள்.

வாடகை உயர்வு: எப்போது, எவ்வளவு என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் நடுவில் ஏற்றச் சொல்லி ஓனர் கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. குடியிருக்கும்போதே ஓனர் வீட்டை மேம்படுத்தினால், உதாரணமாக மேலே ஓர் அறை கட்டித் தந்தால், வாடகையை எவ்வளவு கூட்டுவது என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும்.

யார் யார் குடியிருக்கப் போகிறார்கள்: பெயர் பெயராக எழுதுங்கள். காட்பாடியில் நான்கு மாணவர்கள் சேர்ந்து வீடு எடுக்கிறார்கள், அக்ரிமென்ட் ஒருவர் பெயரில், அவர் நடுவில் இன்டர்ன்ஷிப் என்று பெங்களூரு போய்விடுகிறார், அவர் இடத்தில் வேறொருவர் வந்து சேர்கிறார். ஓனரின் எழுத்துச் சம்மதம் இல்லாத உள்வாடகை, வெளியேற்றுவதற்குச் சட்டம் ஒத்துக்கொள்ளும் காரணங்களில் ஒன்று. நான்கு பேரும் கையெழுத்துப் போடுங்கள். ஆள் மாறினால் அரைப்பக்கத் துணை ஒப்பந்தம் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள்.

தண்ணீர்: வேலூரில் இந்த வரியை விட்டுவிட்டு எழுதும் அக்ரிமென்ட் அரைகுறைதான். காவிரிக் கூட்டுக் குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்பது தெருவுக்குத் தெரு மாறும். ஏப்ரல், மே மாதங்களில் போர் (ஆழ்துளைக் கிணறு) வற்றினால் லாரித் தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது? இப்படி எழுதலாம்:

'குடிநீர்க் குழாய் இணைப்பும் போர் மோட்டாரும் உரிமையாளர் பொறுப்பு. போர் வற்றி லாரித் தண்ணீர் வாங்க நேர்ந்தால் அந்தச் செலவை உரிமையாளரும் கட்டடத்தில் குடியிருப்போரும் பாதிப் பாதியாக ஏற்பது. மோட்டாரின் மின்கட்டணம் பொது மீட்டர் அளவுப்படி வீடுகளுக்குச் சமமாகப் பிரிக்கப்படும்.'

பாதிப் பாதி என்பது ஓர் உதாரணம்தான். எந்தக் கணக்கானாலும் அது காகிதத்தில் இருக்கட்டும்.

மின்சாரம்: உங்கள் போர்ஷனுக்குத் தனி மீட்டரா, உள்மீட்டரா? தனி மீட்டர் என்றால் இணைப்பு எண்ணை அக்ரிமென்டில் எழுதி, பில்லை நீங்களே ஆன்லைனில் கட்டிவிடலாம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் முதல் 100 யூனிட் இலவசம் அப்போது நேராக உங்களுக்கு வரும். உள்மீட்டர் வைத்து 'யூனிட்டுக்கு இவ்வளவு' என்று வாங்கும் வீடுகளில் அந்த இலவசத்தின் பலன் யாருக்கு என்பதைப் பேசி எழுதுங்கள்.

வெள்ளையடிப்பு: காலி செய்யும்போது 'ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்குப் பிடிப்போம்' என்பது ஊர்வழக்கம். சட்டத்தின் இரண்டாவது அட்டவணைப்படி சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் ஓனர் வேலை. ஆனால் அக்ரிமென்டில் அந்த ஒரு மாதப் பிடித்தம் எழுதியிருந்தால் அது நீங்கள் ஒத்துக்கொண்டது ஆகிவிடும். அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். முடியாது என்றால், 'இரண்டு ஆண்டுக்குள் காலி செய்தால் மட்டும்' என்றோ, ஒரு தொகையை வரம்பாக வைத்தோ குறைத்துக்கொள்ளுங்கள். பேரம் பேச இதுவே சரியான நேரம்.

நோட்டீஸ் காலம் ஒரு மாதமா இரண்டு மாதமா என்பதும் வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் கையெழுத்து, கடைசியில் இரண்டு சாட்சிகள். இரண்டு அசல் தயாரித்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஓர் அசல் உங்களிடம் இருக்க வேண்டும். ஓனர் 'என்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்' என்றால் விடாதீர்கள். பதினைந்து நாளுக்குள் கொடுக்க வேண்டியது சட்டப்படி அவர் கடமை.

படி 3: முத்திரைத்தாள்

இங்கேதான் அதிகமாகத் தவறு நடக்கிறது. பொது ஒப்பந்தத்துக்கான முத்திரைக் கட்டணம் 2024-ல் 20 ரூபாயிலிருந்து 200 ரூபாயாக உயர்ந்தது. அதனால் இப்போது எல்லோரும் 200 ரூபாய்த் தாளில் வாடகை அக்ரிமென்ட் எழுதுகிறார்கள். ஆனால் வீட்டை அனுபவிக்கக் கொடுக்கும் ஆவணம் முத்திரைச் சட்டத்தின் பார்வையில் குத்தகை ஆவணம். முப்பது ஆண்டுக்குக் குறைந்த குத்தகைக்கு, மொத்த வாடகை, பிரீமியம் முதலியவற்றின் கூட்டுத்தொகையில் 1 சதவீதம் கட்ட வேண்டும்.

மாதம் 9,000 ரூபாய் வாடகை, 11 மாதம் என்று வையுங்கள். மொத்தம் 99,000. ஒரு சதவீதம் 990 ரூபாய். 200 ரூபாய்த் தாளில் எழுதினால் 790 ரூபாய் குறைவு. வீட்டில் சுமுகமாக இருக்கும் வரை யாரும் இதைக் கேட்க மாட்டார்கள். நீதிமன்றத்துக்குப் போனால் எதிர்த்தரப்பு வழக்குரைஞர் முதலில் பிடிப்பது இதைத்தான். குறைவான முத்திரையுள்ள ஆவணத்தைச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள். பாக்கியையும் அதற்கு மேல் பத்து மடங்கு வரை அபராதத்தையும் கட்டினால்தான் உள்ளே போகும். 790 ரூபாயை மிச்சம் பிடிக்க அறுபதாயிரம் அட்வான்ஸைப் பணயம் வைக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு கட்டாயம். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 20,000 ரூபாய். இதைத் தவிர்க்கத்தான் 11 மாத வழக்கமே வந்தது.

படி 4: வாடகை அதிகாரியிடம் பதிவு

11 மாதம் என்பதால் பதிவே வேண்டாம் என்று நினைப்பவர்கள் இந்தப் படியில் சறுக்குகிறார்கள். சார்பதிவாளர் பதிவு வேறு, வாடகை அதிகாரியிடம் பதிவு வேறு. இரண்டாவது, கெடு எத்தனை மாதமானாலும் வேண்டும். ஆட்சியர் நியமிக்கும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர்தான் வாடகை அதிகாரி. 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ராணிப்பேட்டை, வாலாஜா, ஆற்காடு, அரக்கோணம் வீடுகள் ராணிப்பேட்டை மாவட்டத்திலும், ஆம்பூர், வாணியம்பாடி வீடுகள் திருப்பத்தூர் மாவட்டத்திலும் சேரும். பழைய நினைப்பில் 'வேலூர்' என்று தேர்ந்தெடுத்து விண்ணப்பித்தால் விண்ணப்பம் தவறான மேசைக்குப் போகும். குடியாத்தம் இன்னும் வேலூர் மாவட்டம்தான், தனி வருவாய்க் கோட்டம்.

பதிவு ஆன்லைனில். அரசின் தளம்: டெனன்சி டாட் டி.என். டாட் கவ் டாட் இன். ஓனர், குடியிருப்பவர் இருவரில் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். கைபேசி எண்ணைக் கொடுத்துக் கணக்கு தொடங்கும் முன் இவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: கையெழுத்தான அக்ரிமென்டின் ஸ்கேன், இருவரின் ஆதார், பான், கைபேசி எண், மின்னஞ்சல், கதவு எண்ணும் தெருவும் வார்டும் சேர்ந்த முழு முகவரி, வீட்டில் ஓனர் விட்டுப்போகும் பொருள்களின் பட்டியல், வாடகை தவிர்த்த மற்றக் கட்டணங்கள்.

அக்ரிமென்டில் உள்ள முகவரியும் விண்ணப்பத்தில் உள்ள முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகட்டும். வேலூரில் பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று இரண்டு இருக்கும். சொத்துவரி ரசீதில் எது இருக்கிறதோ அதை எழுதி, பழையதை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். ஆதாரில் 'எஸ். முருகன்', பானில் 'முருகன் சண்முகம்' என்றிருந்தால் அக்ரிமென்டிலேயே 'என்கிற' போட்டு இரண்டையும் எழுதிவிடுவது நல்லது.

பதிவானதும் ஒரு வாடகைப் பதிவு எண் கிடைக்கும். அதை அக்ரிமென்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யாவிட்டால் என்ன ஆகும்? சட்டத்தின் 4-ஏ பிரிவு அந்த ஆவணத்தைப் பரிவர்த்தனைக்குச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. முறையான ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதே 21-வது பிரிவின்படி வெளியேற்றத்துக்கு ஒரு காரணம். எழுத்தும் பதிவும் இல்லாத குடித்தனங்களில் ஓனர் இந்த ஒரே காரணத்தைச் சொல்லி வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதாவது வாடகை பாக்கி இல்லை, வீட்டுக்குச் சேதமில்லை, பதினைந்து வருடமாக ஒரே வீடு என்றெல்லாம் சொன்னாலும் அந்த வழக்கில் எடுபடாது. 'நமக்குள்ள எதுக்குப்பா அக்ரிமென்ட்' என்று இருக்கும் பழைய குடித்தனக்காரர்களுக்குத்தான் இந்தச் சட்டம் கடுமை.

படி 5: சாவி வாங்கும் நாள்

பொருள்களை இறக்கும் முன் வெறும் வீட்டை வீடியோ எடுங்கள். மீட்டர் ரீடிங், ஒவ்வொரு குழாயும் திறந்தபடி, கழிவறை ஃப்ளஷ், ஜன்னல் கண்ணாடி, சுவரில் ஓதம், மொட்டைமாடி சின்டெக்ஸ் டேங்கின் மூடி. மின்விசிறி எத்தனை, டியூப்லைட் எத்தனை, சாவி எத்தனை செட் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு அக்ரிமென்டோடு பின் போடுங்கள். அன்றே வீடியோவை ஓனரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டால் தேதிக்குத் தனிச் சாட்சி வேண்டாம்.

குடியிருக்கும்போது

வாடகையை வங்கி வழியாகக் கட்டுங்கள். குறிப்பில் மாதத்தின் பெயரைப் போடுங்கள். பணமாகக் கொடுத்தால் ரசீது கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஓனர் திடீரென்று வாங்க மறுத்தால் அவசரப்பட்டு 'சரி, கட்டவில்லை' என்று இருந்துவிடாதீர்கள். பாக்கி சேர்த்து வெளியேற்றும் பழைய உத்தி அது. வங்கிப் பரிமாற்றமாகவோ தபால் மணியார்டராகவோ அனுப்பி, இரண்டு மாதம் தொடர்ந்து மறுத்ததற்கான ஆதாரத்தோடு வாடகை அதிகாரியிடம் செலுத்த வழியுண்டு.

ரிப்பேர் யார் செலவு? இரண்டாவது அட்டவணை இதைப் பிரித்து வைத்திருக்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, தண்ணீர்க் குழாய் மாற்றுதல், உள், வெளி வயரிங் எல்லாம் ஓனர். குழாய் வாஷர், குழாய், சாக்கடை அடைப்பு, வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, கைப்பிடி, கொசுவலை, உடைந்த ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர். தளம் ஒழுகினால் ஓனர், குழாய் சொட்டினால் நீங்கள் என்று நினைவில் வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

ஓனர் தன் பங்கைச் செய்யாவிட்டால் எழுத்தில் கேட்டு, பிறகு நீங்களே செய்து வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரு மாதத்தில் கழிப்பது அந்த மாத வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது. 9,000 வாடகையில் 12,000 ரூபாய் வயரிங் வேலை என்றால் 4,500, 4,500, 3,000 என்று மூன்று மாதம். மொத்தமாகக் கழித்தால் அது வாடகை பாக்கி ஆகிவிடும். பில்லில் எலக்ட்ரீஷியனின் கையெழுத்தும் வேலையின் விவரமும் இருக்கட்டும்.

தகராறு முற்றினால் மோட்டாரை நிறுத்துவதும் ஃபியூஸைப் பிடுங்குவதும் நடக்கும். 20-வது பிரிவு அதைத் தடுக்கிறது. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, லிஃப்ட், பார்க்கிங், கழிவறை எல்லாமே அத்தியாவசிய சேவைப் பட்டியலில் வரும். வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திரும்பக் கொடுக்க இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. மனுவோடு வெறும் குழாயின் போட்டோ போதாது. அக்கம்பக்கத்து வீட்டில் தண்ணீர் வருகிறது, உங்கள் வீட்டில் மட்டும் இல்லை என்பதைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் 'ஊர் முழுக்கத் தண்ணி இல்ல' என்ற ஒரே பதிலில் மனு தொங்கிவிடும்.

வீட்டைப் பார்க்க ஓனர் வருவதானால் 24 மணி நேரம் முன்பே காரணத்தோடு எழுத்தில் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் செய்தி போதும் என்று இருவரும் அக்ரிமென்டில் எழுதிக்கொண்டால் நடைமுறைக்கு வசதி.

காலி செய்வது, செய்ய வைப்பது

கெடுவுக்குள் ஓனர் நினைத்தபடி வெளியேற்ற முடியாது. வாடகை நீதிமன்ற உத்தரவு வேண்டும். ஒப்பந்தம் இல்லாமை, இரண்டு மாத பாக்கி, உள்வாடகை, தவறான பயன்பாடு, இடித்துக் கட்டுவது, ஓனரின் சொந்தத் தேவை என்று காரணங்கள் எண்ணிச் சொல்லப்பட்டிருக்கின்றன. பாக்கி என்றால் நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுவதும் கட்டிவிட்டால் அந்தக் காரணம் விழுந்துவிடும். பாதி கட்டினால் விழாது. வாடகை நீதிமன்ற உத்தரவு பாதகமாக வந்தால் வாடகைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். உத்தரவின் நகல் கேட்கும் விண்ணப்பத்தை அது வந்த அன்றே போடுங்கள்.

குடித்தனம் முடிந்த பிறகும் உட்கார்ந்திருந்தால் செலவு எகிறும். முதல் இரண்டு மாதம் வாடகை இரண்டு மடங்கு, அதன் பிறகு நான்கு மடங்கு. 9,000 வாடகை முதல் இரு மாதம் 18,000 ஆகி, மூன்றாம் மாதத்திலிருந்து 36,000 ஆகிவிடும். 'கேஸ் போட்டா பத்து வருஷம் இழுக்கலாம்' என்ற பழைய யோசனை இந்தக் கணக்கின் முன் நிற்காது.

காலி செய்வதாக இருந்தால் நோட்டீஸை எழுத்தில் கொடுங்கள். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், ஸ்பீடு போஸ்டில் பதிவும் ஒப்புகையும் சேர்த்துக் கேட்டு அனுப்புங்கள். கடைசி நாளில் சாவி வாங்கும் அன்று எடுத்ததுபோலவே வீடியோ, மீட்டர் ரீடிங், கையெழுத்தான பட்டியல். சாவியைக் கொடுத்ததற்கு ஒரு வரி ஒப்புதல் வாங்குங்கள். அட்வான்ஸைத் திரும்பக் கொடுக்க வேண்டிய ஒரு மாதக் கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது. பிடித்தம் இருந்தால் எதற்கு எவ்வளவு என்று பில்லோடு கேளுங்கள். 'அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்' என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. இயல்பான தேய்மானத்துக்கும் பிடிக்க முடியாது. மாதம் தாண்டினால் வழக்குரைஞர் நோட்டீஸ், பிறகு சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகம்.

போக்கியத்துக்கு எடுப்பவர்களுக்கு

ஐந்து லட்சம் மொத்தமாகக் கொடுத்து வாடகையில்லாமல் இரண்டு மூன்று வருடம் இருப்பதை இங்கே போக்கியம் என்றோ லீஸ் என்றோ சொல்வார்கள். பெரும்பாலும் 200 ரூபாய்த் தாளில் முடித்துவிடுகிறார்கள். இது சுவாதீனத்தோடு கூடிய அடமானம், அதாவது கொடுத்த கடனுக்கு ஈடாக வீட்டையே அனுபவிக்க வாங்கிக்கொள்வது. பதிவு செய்தால்தான் செல்லும். முத்திரைத் தீர்வை கடன் தொகையில் 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். ஐந்து லட்சத்துக்கு 25,000 ரூபாய் செலவு. அதிகம்தான். ஆனால் ஓனர் அந்த வீட்டின்மேல் வங்கிக் கடன் வாங்கித் தவணை கட்டாமல் விட்டால், வங்கி ஏலம் விட வரும்போது பதிவில்லாத தாளைத் தூக்கிக் காட்டி நிற்க முடியாது.

ஆகவே பணம் கொடுக்கும் முன் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கத்தைப் பாருங்கள்; ஆன்லைனில் பார்க்கக் கட்டணம் இல்லை. குறைந்தது பதினைந்து ஆண்டுக்குத் தேடி, 'உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு' (பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியது) என்று ஏதாவது வங்கியின் பெயரோடு வரி இருக்கிறதா, கடன் தீர்ந்ததைக் காட்டும் ரத்து ரசீது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அசல் பத்திரத்தையும் கண்ணால் பாருங்கள். 'லாக்கர்ல இருக்கு' என்றால் பார்த்த பிறகு பணம்.

வெளிநாட்டவருக்கு வீடு விடுபவர்களுக்கு

வங்கதேச நோயாளிகள், வி.ஐ.டி.யில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் என்று வேலூரில் இது அன்றாடம். வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் 'சி ஃபார்ம்' லாட்ஜ்காரர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு போர்ஷனை வாடகைக்கு விடும் சாதாரண ஓனருக்கும் அந்தக் கடமை உண்டு. வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் பதிய வேண்டும். 2025 செப்டம்பரில் பழைய வெளிநாட்டவர் சட்டத்தின் இடத்தில் புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் வந்த பிறகும் இது தொடர்கிறது. பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசா பக்கம், வந்திறங்கிய முத்திரை, போட்டோ ஆகியவற்றை வாங்கிக்கொண்ட பிறகே சாவி கொடுங்கள். மருத்துவ விசாவின் காலாவதித் தேதியைத் தாண்டிப் போகிற மாதிரி அக்ரிமென்ட் கெடு எழுதாதீர்கள். விசா நீட்டிப்புக் கிடைத்ததும் துணை ஒப்பந்தம் போட்டு நீட்டிக்கொள்ளலாம்.